குட்டையான லாங்போ வாங்கப்போகிறீர்களா? கையளவிலிருந்து நாண் வரை ஒரு முழு வழிகாட்டி

இரண்டு மாதத்துக்கு முன்னால் நியூசிலாந்திலிருந்து என் அத்தை மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். 54 அங்குல வில். பழுப்பும் கறுப்புமாகப் பட்டை ஓடிய மரம், தோல் சுற்றிய பிடி, பார்த்தாலே எடுத்து இழுக்கத் தோன்றும். "மச்சான், மான் வேட்டைக்கு இத வாங்கிடலாமா? காட்டுக்குள்ள தூக்கினு போக கச்சிதமா இருக்கும்" என்று கேட்டான். "உன் கைய அளந்து பாத்தியாடா?" என்று கேட்டேன். அளக்கவில்லை. அன்றிலிருந்து ராத்திரி ராத்திரி போனில் பேசியதும், தண்டையார்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு இத்தனை வருடமாக நான் வில்லோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டதும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

குட்டை வில்லைப் பற்றி எழுதப்படுவதில் பெரும்பாலானவை மரத்தில் ஆரம்பித்து வேகத்தில் முடிகின்றன. வாங்குகிறவரின் உடம்பைப் பற்றிப் பேச்சே வராது. நீளமான வில் நம் தப்பைப் பொறுத்துக்கொள்ளும். குட்டை வில் பொறுக்காது. அதனால் நம் அளவை எடுத்து முடித்த பிறகுதான் கடைப் பக்கம் போக வேண்டும்.

வேட்டை என்று சொல்வதற்கு முன்

இந்தியாவில் பொழுதுபோக்குக்காக வேட்டையாட அனுமதி கிடையாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்கான விளக்கம் ரொம்ப விரிவானது. கொல்வது, பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, இவற்றுக்கு முயற்சி செய்வது எல்லாமே அதில் அடங்கும். எண்ணூர்க் கழிமுகத்துக் கொக்கு, பழவேற்காட்டு நீர்ப்பறவை, மணலிப் பக்கம் புதருக்குள் ஓடும் உடும்பு எதன்மேலும் அம்பைக் குறிவைக்கக் கூடாது. தெருநாயையும் பன்றியையும் காயப்படுத்தினால் 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பிரிட்டனிலும் வில்லால் வேட்டையாடத் தடைதான். நியூசிலாந்து, அமெரிக்கா, கனடா போன்ற இடங்களில் உரிமம், பருவம், குறைந்தபட்ச பவுண்டு (வில்லை முழுதாக இழுக்கத் தேவையான விசை, வில்லின் எடை என்பதும் இதுதான்) என்று இடத்துக்கு இடம் மாறும் விதிகளோடு அனுமதிக்கிறார்கள். அங்கே இருக்கிறவர்கள் அந்தந்த ஊர் விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

அப்புறம் இங்கே எதற்கு வேட்டை வில்? அதை எய்வது அவ்வளவு நன்றாக இருக்கும் என்பதுதான் காரணம். குறிபார்க்க சைட் கிடையாது, வில்லை ஆடாமல் நிறுத்த ஸ்டெபிலைசர் கிடையாது. பத்துப் பதினைந்து மீட்டரில் கண்ணையும் கையையும் மட்டும் நம்பி இலக்கில் அடிக்கிறோம். அதற்கு இந்த ரக வில் போதும். ஆனால் மொட்டைமாடியில் வேண்டவே வேண்டாம். 40 பவுண்டு வில்லிலிருந்து கொஞ்சம் மேல்நோக்கிக் கிளம்பிய அம்பு நூறு மீட்டரைத் தாண்டிப் போகும். நம் பகுதியில் நூறு மீட்டருக்குள் எத்தனை மாடி, எத்தனை துணிக்கொடி, எத்தனை பிள்ளைகள் என்று எண்ணிப் பாருங்கள். பின்தடுப்பு வைத்த பயிற்சி மைதானம் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அங்கே போய்த்தான் எய்ய வேண்டும்.

எது லாங்போ, எந்த அளவு குட்டை

நாணேற்றிய பிறகு நாண் இரண்டு முனைகளை மட்டும் தொட்டால் அது லாங்போ. முனைகள் முன்பக்கமாக வளைந்து, நாண் லிம்பின்மேல் (பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பாகம்) கொஞ்ச தூரம் படிந்து கிடந்தால் அது ரிகர்வ். கடையில் பெயர் எப்படி வைத்திருந்தாலும் இந்த ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும்.

நீளத்தைப் பொறுத்தவரை, பழைய ஆங்கில லாங்போ ஆள் உயரத்துக்குமேல் நிற்கும். 1545இல் மூழ்கி 1982இல் கடலுக்கடியிலிருந்து தூக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட விற்கள் கிடைத்தன. அவை ஆறடி, ஆறரை அடி நீளம். இன்றைய வேட்டைக்காரர்கள் குட்டை என்று சொல்வது ஏறக்குறைய 56 முதல் 62 அங்குலம். 64-ஐ நடுத்தரம் என்பேன், 66-க்கு மேல் நீளம்.

குட்டையை விரும்புவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. புதருக்குள் குனிந்து நடக்கும்போது கிளையில் மாட்டாது. மண்டிபோட்டு எய்தால் கீழ் லிம்ப் தரையில் இடிக்காது. மரத்தின்மேல் கட்டிய மேடையில் உட்கார்ந்து திரும்பலாம். நமக்கோ வேறு வசதி. ஹவுசிங் போர்டு மாடிப்படி திருப்பத்தில் 68 அங்குல வில்லோடு ஒருமுறை இறங்கிப் பாருங்கள், புரிந்துவிடும்.

ஆனால் ஒவ்வொரு அங்குலம் குறைக்கவும் ஒரு விலை கொடுக்கிறோம். வில் குட்டையாக ஆக, முழுதாக இழுக்கும்போது நாண் விரல்களின் இரண்டு பக்கமும் கூர்மையாக மடங்கி நெருக்கும். அம்பை விடும்போது மூன்று விரலும் ஒன்றாக விலகாமல் ஒன்று பின்தங்கும், அம்பு பக்கவாட்டில் ஓடும். இன்னொன்று, இழுப்பின் கடைசி ஓரிரு அங்குலத்தில் வில் திடீரென்று கல் மாதிரி கடினமாகும். இதை ஸ்டாக்கிங் என்பார்கள். இந்த இரண்டும் எந்த நீளத்தில் ஆரம்பிக்கும் என்பது நாம் எவ்வளவு இழுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அதனால் அளவெடுப்பதுதான் முதல் வேலை.

படி 1: எந்தக் கண், எந்தக் கை

இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன முக்கோண ஓட்டை வைத்து, தூரத்தில் ஒரு பொருளை இரண்டு கண்ணாலும் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் ஆளும் கண். வலது கண் என்றால் வலக்கையால் நாணை இழுக்கும் வில், இடது என்றால் இடக்கை வில். வலக்கைப் பழக்கம் உள்ளவருக்கு இடது கண் ஆள்வது உண்டு. அவர்கள் புதிதாகத் தொடங்குகிறார்கள் என்றால் கண்ணின் பக்கமே போகச் சொல்வேன். லாங்போவில் அம்பு வைக்கும் மேடை ஒரு பக்கம்தான் வெட்டியிருக்கும், வாங்கிய பிறகு மாற்ற முடியாது.

படி 2: இழுப்பு நீளம்

சுவரில் முதுகை ஒட்டி நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரியுங்கள். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்து 2.5-ஆல் வகுங்கள். என் அத்தை மகனுக்கு 183 செ.மீ. வகுத்தால் 73.2 செ.மீ., அதாவது கிட்டத்தட்ட 28.8 அங்குலம். எனக்கு 172 செ.மீ., கணக்கில் 27 அங்குலம் வந்தது.

இது தோராயம்தான். ஒலிம்பிக் முறையில் நேராக நிமிர்ந்து நின்று எய்பவருக்கு ஏறக்குறைய சரியாக இருக்கும். வேட்டை முறையில் வில்லைச் சாய்த்து, முழங்கையைக் கொஞ்சம் மடக்கி, முன்னால் லேசாகக் குனிந்து எய்யும்போது ஒரு அங்குலம் வரை குறையும், சிலருக்கு அதற்கு மேலும் குறையும். எனவே இன்னொரு அளவும் வேண்டும். 20 அல்லது 25 பவுண்டு பயிற்சி வில் ஒன்றை இரவல் வாங்குங்கள். நீளமான அம்பு ஒன்றைப் பூட்டி, உங்கள் வழக்கப்படி வாயோரம் வரை இழுத்து நிறுத்துங்கள். கூட இருப்பவர் பக்கவாட்டில் நின்று, வில்லின் முன்பக்க விளிம்பு படும் இடத்தில் அம்பில் பேனாவால் கோடு போடட்டும். அம்பின் அடியில் நாண் உட்காரும் பள்ளத்திலிருந்து அந்தக் கோடு வரை அளந்தால் உங்கள் இழுப்பு நீளம். ஐந்து முறை எடுங்கள். புதியவருக்கு ஐந்தும் ஐந்து விதமாக வரும். மூன்று நான்கு வாரம் பழகியபின் மறுபடி எடுத்தால் நிலைத்திருக்கும், பலருக்கு முதல் அளவிலிருந்து மாறியும் இருக்கும். அந்த இரண்டாவது அளவை வைத்துத்தான் வில் வாங்க வேண்டும். அவசரப்பட்டு முதல் அளவில் ஆர்டர் போட்டுவிடாதீர்கள்.

படி 3: வில்லின் நீளம்

கண்ணாடியிழை ஒட்டிய, லேசாக முன்வளைந்த நவீன லாங்போவுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. 26 அங்குலம் வரை இழுப்பவருக்கு 58. 27-க்கு 60. 28-க்கு 62. 29-க்கு 64. 30 இழுக்கும் நெட்டையருக்கு 66, அவர் குட்டை வில் ஆசையை விட்டுவிடுவதே நல்லது. நேரான லிம்ப் கொண்ட பழைய பாணி என்றால் எல்லாவற்றோடும் இரண்டு அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடியிழை இல்லாத முழு மர வில் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். இழுப்பு நீளத்தைப் போல இரண்டு மடங்கு, அதன்மேல் பத்தில் ஒரு பங்கு, வளையாத பிடி இருந்தால் அதற்கும் சில அங்குலம். 28 இழுப்புக்கு 62-இல் தொடங்கி 66 வரை போய்விடும். அதைவிடக் குட்டையாகச் செய்தால் மரம் ஒருநாள் கையிலேயே ஒடியும்.

சில நல்ல கைவினைஞர்கள் 56 அங்குலத்திலும் 28 வரை மென்மையாக இழுபடும் வில் செய்கிறார்கள், உண்மைதான். கையில் எடுத்து இழுத்துப் பார்க்க வாய்ப்பு இருந்தால் அதை நம்பலாம். படத்தைப் பார்த்து வாங்குகிறீர்கள் என்றால் மேலே சொன்ன கணக்கில் நில்லுங்கள்.

படி 4: எத்தனை பவுண்டு

இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். நானும் தவறினேன். நான் வாங்கிய முதல் வில் பழையது, 56 அங்குலம். விற்றவர் "நாப்பத்தஞ்சு பவுண்டு வில்லுங்க" என்றார். லிம்பில் கையெழுத்தில் 45 என்று எழுதி, பக்கத்தில் @ குறி போட்டு 25 என்றும் இருந்தது. அந்த 25-ஐ நான் கவனிக்கவே இல்லை. 25 அங்குலம் இழுத்தால் 45 பவுண்டு என்று அதற்கு அர்த்தம். நான் இழுப்பது 27. மூன்று மாதத்தில் வலது தோள்பட்டையில் வலி வந்தது, சட்டை மாட்டக் கையைத் தூக்கினாலே சுருக்கென்று இழுக்கும். வில்லை மூலையில் வைத்துவிட்டு ஐந்து மாதம் சும்மா இருந்தேன்.

பொதுவாக வில்லின் எடையை 28 அங்குல இழுப்பில் சொல்வார்கள். அதற்குக் கீழே ஒவ்வொரு அங்குலத்துக்கும் இரண்டிலிருந்து மூன்று பவுண்டு குறையும், மேலே போனால் அதே அளவோ அதற்கு மேலோ கூடும். 28-இல் 45 என்றால் 26 இழுப்பவர் கையில் 40 பவுண்டுதான். குட்டை வில்லில் கடைசி அங்குலத்துக்கு நாலு, ஐந்து என்றுகூட ஏறலாம்.

உடற்பயிற்சி செய்யும் இளைஞர் என்றாலும் முதல் வில் 30 முதல் 35 பவுண்டு. பெண்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் 25 முதல் 30. கனமான இரும்பைத் தூக்கும் தசை வேறு, வில்லை இழுத்து நிறுத்தும் முதுகுத் தசை வேறு. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் என் நண்பர் ஒருவரே 40 பவுண்டை இழுத்து நிறுத்த முடியாமல் கை நடுங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து 40, 45 என்று போகலாம். இலக்குப் பயிற்சிக்கு 40-க்கு மேல் தேவையே இல்லை. வெளிநாட்டில் மான் வேட்டைக்குப் பல இடங்களில் 40 பவுண்டைக் குறைந்தபட்சமாக வைத்திருக்கிறார்கள். 45 இருந்தால், கூர்மையான முனையோடு, 15 மீட்டருக்குள் அது தாராளம். 55, 60 என்று ஆசைப்பட்டு, இழுத்து நிறுத்த முடியாமல் அவசரத்தில் விட்ட அம்பு மானின் வயிற்றில் பாய்ந்தால் அது எங்கோ ஓடிப்போய் மணிக்கணக்கில் துடித்துச் சாகும். அந்தப் பாவம் வேண்டாம்.

ஒரு எடை உங்களுக்குச் சரியா என்று பார்க்க இரண்டு சோதனை இருக்கிறது. முழுதாக இழுத்து, அம்பை விடாமல் பத்து எண்ணும் வரை நடுங்காமல் நிறுத்தி, மெதுவாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, வில்லை வானத்தைப் பார்க்கத் தூக்காமல் இலக்கைப் பார்த்தபடியே இழுக்க வேண்டும். இடுப்பை முறுக்கி, வில்லை மேலே தூக்கித்தான் இழுக்க முடிகிறது என்றால் எடை அதிகம். காட்டில் அந்த அசைவை மான் பார்த்துவிடும். இங்கே உங்கள் தோள் பார்த்துக்கொண்டிருக்கும்.

படி 5: மீன் தராசில் வில்லைப் போடுங்கள்

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் காசிமேட்டில் மீன் விற்கும் எங்கள் தெரு அக்கா. தோள்வலிக் கதையைக் கேட்டுவிட்டு, "எடை போடாம யாராச்சும் வாங்குவாங்களா தம்பி?" என்று அவருடைய கொக்கித் தராசைக் கொடுத்தார். டிஜிட்டல் எண் வரும், 50 கிலோ வரை தாங்கும் சாதாரணத் தராசு.

மாடிப்படிக் கம்பியில் தராசைத் தொங்கவிடுங்கள். கொக்கியில் மெல்லிய துணியைச் சுற்றி, நாணின் நடுவே மாட்டுங்கள். மெல்லிய குச்சி ஒன்றில் 24, 25, 26 என்று அங்குலக் கோடு போட்டு, ஒரு முனையை நாணோடு ஒட்டிப் பிடிக்கட்டும் கூட இருப்பவர். நீங்கள் பிடியைப் பிடித்து மெதுவாகக் கீழே இழுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். முகம் நாணுக்கு நேராக இருக்கக் கூடாது, கொக்கி நழுவினால் கண் போய்விடும்.

என் பழைய 56 அங்குல வில் 25-இல் 20.4 கிலோ காட்டியது. 26-இல் 21.8. 27-இல் 23.6, அதாவது 52 பவுண்டு. ஏற்றத்தைப் பாருங்கள், முதலில் 1.4 கிலோ, அடுத்த அங்குலத்துக்கே 1.8. ஸ்டாக்கிங் என்பது எண்ணிலேயே தெரிகிறது. இப்போது வைத்திருக்கும் 60 அங்குல வில் அதே மூன்று கோட்டில் 16.0, 17.1, 18.2. ஒவ்வொரு அங்குலத்துக்கும் 1.1 கிலோ, ஒரே சீர். 27-இல் 40 பவுண்டு. கையில் பிடித்தால் வேறு உலகம் மாதிரி இருக்கிறது. எந்த வில்லானாலும் உங்கள் இழுப்பு நீளம் வரையும் அதற்கு ஒரு அங்குலம் மேலும் ஏற்றம் சீராக இருக்க வேண்டும். கிலோவை 2.2-ஆல் பெருக்கினால் பவுண்டு.

படி 6: வடிவம், மரம், பிடி

நாணேற்றினால் ஒரே வளைவாக நிற்கும் நேரான லிம்ப் வில் அழகுதான், ஆனால் அது 66, 68 அங்குலத்துக்கு உரியது. குட்டையில் வேண்டுமென்றால், பிடியருகே நம் பக்கம் சாய்ந்து, முனையருகே எதிர்ப்பக்கம் வளையும் வகையை எடுங்கள். ரிஃப்ளெக்ஸ் டிஃப்ளெக்ஸ் என்பார்கள், ஹைப்ரிட் லாங்போ என்றும் சொல்வதுண்டு. அம்பு போன பிறகு கையில் அடிக்கும் அதிர்ச்சி இதில் குறைவு, இழுப்பும் சீராக வரும்.

உள்ளே மூங்கில் அல்லது மேப்பிள், இரண்டு முகத்திலும் கண்ணாடியிழை. நம் ஊருக்கு இதுதான். முழு மர வில்லை நான் மதிக்கிறேன், ஆனால் கடலோர ஈரக்காற்றில் மரம் ஈரத்தை உறிஞ்சி, எடை குறைந்து, நாணைக் கழற்றினாலும் வளைந்தே நிற்க ஆரம்பிக்கும். ஹிக்கரி போன்ற மரங்கள் காய்ந்த ஊரில்தான் சிறப்பாக வேலை செய்யும். மேலே தெரியும் அலங்கார மரம் எதுவாக இருந்தாலும் வில்லின் வேலையில் பெரிய வித்தியாசம் வராது. அதற்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கழற்றி மாட்டும் வகையா, ஒரே துண்டா? பைக்கிலும் ஷேர் ஆட்டோவிலும் போகிறவர் என்றால் கழற்றுவதையே வாங்குங்கள். 60 அங்குலம் என்றால் ஒன்றரை மீட்டர், ஜி.ஏ. ரோட்டு நெரிசலில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போக முடியாது.

பிடி நேராக, பெட்டிக் கைப்பிடி போல இருந்தால் உள்ளங்கையின் அடிப்பாகம் முழுதும் அழுந்தும். லேசான குழிவு இருந்தால் கை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்காரும். புதியவர்களுக்குக் குழிவுள்ளதே நல்லது.

படி 7: பழைய வில் என்றால்

காசிமேட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஃபைபர் படகு பாறையில் இடித்தால், மேலே பெயிண்ட் நன்றாக இருந்தாலும் உள்ளே வெள்ளையாகப் பூத்திருக்கும். லிம்பும் அதே பொருள்தான். வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நீளவாக்கில் மெல்லிய வெள்ளைக் கோடு இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்டு, கண்காணித்துப் பயன்படுத்தலாம். குறுக்குவாக்கில் கோடு இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அது உடையப்போகிற வில்.

பிறகு பிடியிலிருந்து லிம்ப் பிரியும் இடம். பசை விடுவது பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். விசிட்டிங் கார்டின் ஓரத்தை அந்த ஒட்டுக்கோட்டில் நகர்த்துங்கள். எங்காவது உள்ளே நுழைந்தால் வில்லைத் திரும்பக் கொடுத்துவிடுங்கள். கொஞ்சம் பஞ்சை எடுத்து லிம்பின் ஓரம் முழுக்க ஓட்டுங்கள், சிலும்பு இருந்தால் பஞ்சு சிக்கும். நாணேற்றி, ஒரு முனையிலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். நாண் இரண்டு லிம்பையும் நடுவாகப் பிளந்துகொண்டு போக வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கினால் லிம்ப் முறுக்கியிருக்கிறது. கால் நடுவே வில்லை விட்டு வளைத்து நாணேற்றுகிறவர்களின் வில் இப்படித்தான் கெடும். ஸ்ட்ரிங்கர் என்ற கயிறு அதற்கென்றே இருக்கிறது, மலிவானது. வில்லோடு சேர்த்து அதையும் வாங்குங்கள்.

கடைசியாக மெதுவாக நாலைந்து முறை பாதி, முக்கால், முழுசு என்று இழுங்கள். டிக் என்று சின்ன சத்தம் கேட்டால்கூட இறக்கி வைத்துவிடுங்கள்.

நாண்

முனைகளில் கடினமான பொருளால் வலுவூட்டியிருந்தால் டைனீமா வகை வேகமான நாண் போடலாம். இல்லையென்றால், அல்லது தெரியவில்லையென்றால், டாக்ரான் நாண் மட்டும். டாக்ரான் கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும், அது முனைகளைக் காப்பாற்றும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். நம் பக்கம் தங்கூசி (மீன் பிடிக்கும் நைலான் நரம்பு) மலிவாகக் கிடைக்கிறது என்று அதை நாணாக முறுக்கிப் போட்ட பையன்களைப் பார்த்திருக்கிறேன். தங்கூசி ரப்பர் மாதிரி நீளும், முடிச்சில் நழுவும், திடீரென்று அறும். நாண் அறுவதும் அம்பில்லாமல் நாணை விடுவதும் வில்லுக்கு ஒன்றுதான். அம்புக்குப் போக வேண்டிய விசை முழுதும் லிம்புக்கே திரும்பும். நம் வில்லைக் கையில் வாங்குகிற யாரும் முதலில் செய்வது வெறும் நாணை இழுத்து விடுவதுதான். கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அம்பு

வில் வாங்கிய பிறகு மிச்சப் பணத்தில் அம்பு என்று நினைக்காதீர்கள். அம்பு சரியில்லையென்றால் நல்ல வில்லும் கெட்டபெயர் வாங்கும். வில்லிலிருந்து கிளம்பும்போது அம்பு பிடியைச் சுற்றி வளைந்து நிமிர்ந்துதான் போகிறது. அந்த வளைவின் அளவு ஸ்பைன். 40, 45 பவுண்டு லாங்போவுக்குக் கார்பன் அம்பில் பெரும்பாலும் 600 அல்லது 500 என்ற எண். அம்பு மேடை நடுக்கோடு வரை வெட்டப்படாத வில்லென்றால் இன்னும் வளையக்கூடிய அம்பு தேவை. முதலில் இரண்டு வகையிலும் இரண்டிரண்டு வாங்கி, இறகில்லாமல் ஐந்தாறு மீட்டரில் எய்து பாருங்கள். வலக்கைக்காரருக்கு, இலக்கில் குத்திய அம்பின் வால் இடப்பக்கம் சாய்ந்தால் அம்பு விறைப்பு அதிகம், வலப்பக்கம் சாய்ந்தால் வளைவு அதிகம்.

எடை, ஒரு பவுண்டுக்கு 9 அல்லது 10 கிரெயின். 45 பவுண்டுக்கு 450 கிரெயின், அதாவது முனையோடு சேர்த்து 29 கிராம். 8-க்குக் கீழே போகாதீர்கள், அம்பு மிக லேசாக இருந்தால் வெறும் நாணை விட்டதற்குப் பக்கத்தில் வந்துவிடும். கிராமுக்குக் கீழே காட்டும் தராசு வேண்டும். சௌகார்பேட்டையில் எனக்குத் தெரிந்த நகைக்கடைக்காரர் தங்கம் நிறுக்கும் தராசில் ஆறு அம்பையும் வைத்துக் காட்டினார். ஒரே பெட்டியில் வந்த ஆறில் ஒன்று மற்றவற்றைவிட ஒன்றரை கிராம் அதிகம். எப்போதும் தாழ்வாகவே போய்க்கொண்டிருந்த அம்பு அதுதான்.

பின்னால் இயற்கை இறகு வேண்டும். லாங்போவில் அம்பு நேரடியாக மேடையை உரசிப் போவதால் பிளாஸ்டிக் சிறகு தட்டிவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் இறகு நனைந்து படிந்துவிடும், கெட்டில் ஆவியில் காட்டினால் மறுபடி நிமிரும்.

விரலுறையும் முன்கைக் கவசமும் வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. பெரியமேட்டுத் தோல் கடைகளில் துண்டுத் தோல் கிடைக்கும். விரலுக்கு வழவழப்பானது, கைக்குக் கொஞ்சம் தடித்தது.

வில் வீட்டுக்கு வந்ததும்

பிடியின் உள்குழிவிலிருந்து நாண் வரை உள்ள தூரம் ப்ரேஸ் ஹைட். செய்தவர் சொன்ன அளவில் வையுங்கள். சொல்லவில்லையென்றால் 7 அங்குலத்தில் தொடங்கி, நாணை முறுக்கியோ தளர்த்தியோ கால் அங்குலம் கால் அங்குலமாக மாற்றி, சத்தம் குறைந்து கையதிர்ச்சி அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். புது நாண் முதல் நூறு அம்புக்குள் கொஞ்சம் நீளும், தினமும் அளக்க வேண்டும். அம்பைப் பூட்டும் இடம் மேடைக்கு நேர்கோட்டிலிருந்து அரை அங்குலம் மேலே.

எய்து முடித்ததும் நாணைக் கழற்றி, சுவரில் இரண்டு ஆணியில் படுக்கவையுங்கள். மூலையில் சாய்த்து வைத்தால் கீழ் லிம்ப் முறுக்கிக்கொள்ளும். கத்திரி வெயிலில் பூட்டிய காருக்குள்ளோ ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியிலோ வைத்தால் பசை இளகும். தோளைக் கெடுத்த என் முதல் வில் கடைசியில் அப்படித்தான் போனது. ஒரு மே மாத மத்தியானம், கூரைக்குக் கீழே பரணில் இருந்து எடுத்தபோது மேல் லிம்பின் கண்ணாடியிழை தகடு தனியாகப் பிரிந்து நின்றது.

அத்தை மகன் இன்னும் வில் வாங்கவில்லை. அந்த ஊர் கிளப்பில் 30 பவுண்டு வில் ஒன்றை இரவல் வாங்கி, ஆறு வாரமாக நாளுக்கு முப்பது அம்பு விடுகிறான். நேற்று ராத்திரி மறுபடி அளந்து அனுப்பினான். ஐந்து முறையும் 27¾. ஆர்டர் படிவத்தில் 62 அங்குலம், 28-இல் 42 பவுண்டு என்று எழுதச் சொல்லியிருக்கிறேன், ஆனால் அந்த 30 பவுண்டில் ஆறு மாதம் பழகிய பிறகுதான்.